நாத்தனாரை அடகு வைத்து எடுத்த துணி

எங்கள் அண்ணியைப் பற்றி நாத்தனார் நான் சொல்லப்போகிறேன் என்றதுமே சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஏதோ சண்டைக் கதை என்று நினைப்பு. சண்டை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எனக்கும் அண்ணிக்கும் நடந்ததல்ல. எனக்கும் ஒரு துணிக்கடைக்காரருக்கும் நடந்தது.

இந்த வெளிநாட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து முதலில் வந்தவள் நான். படிக்க வந்தேன், படிப்பை முடித்தேன், ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் உட்கார்ந்தேன். பின்னாலேயே அண்ணன் வந்து, பெரிய கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டச் சேர்ந்தான். அவனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். மூன்று பேரும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அரிசி மூட்டை வாங்குகிற அன்றைக்கு அண்ணனுக்கு மட்டும் எப்படியோ முதுகு பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயமாட்டேன். அண்ணி அதற்கு நேர் எதிர். வீட்டுக்குள்ளேயாவது நாலு வார்த்தை வரும். வெளியே போனால் வாயில் பூட்டு. இந்த ஊர் பாஷை புரியாமல் இல்லை, நன்றாகவே புரியும். பேச மாட்டாள். பேங்குக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் நின்றுகொள்வாள். அண்ணிக்கு எங்கே வலிக்கிறது என்றுகூட நான்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அங்கே ஊரில் அண்ணி பேர் போன டெய்லர். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். பள்ளிக்கூடம் முடித்த பெண் சும்மா இருக்க வேண்டாமே என்று தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். சேர்ந்த வருஷமே டீச்சரைவிட நன்றாக வெட்டினாள் என்று அண்ணியின் அம்மா சொல்வார். பெற்றவள் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாணப் பெண்கள் பஸ் ஏறி வந்து காத்துக் கிடந்து தைத்துக்கொண்டு போனதை, அண்ணனுக்குப் பெண் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது நானே பார்த்திருக்கிறேன். சேலைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி எடுப்பதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நாம் பச்சை என்றால், "எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, வாழையிலைப் பச்சையா?" என்று கேட்டு நம் உயிரை வாங்குவாள்.

துணி எடுப்பதில் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் போட்டிருக்கும் விளக்கை நம்பவே மாட்டாள். துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வெயிலில் சேலையையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அப்புறம்தான் சரி என்பாள். அங்கே எந்தக் கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். "அக்கா, படிய விட்டு இன்னும் கொஞ்சம் இறங்கி நில்லுங்க, அங்க நிழல் விழுது" என்று கல்லாவில் இருந்தபடியே குரல் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் என்றால் துணியை வெயிலில் பார்க்கத்தானே செய்வார்கள்.

அப்படிப்பட்ட அண்ணிக்கு இங்கே கிடைத்த வேலை ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளை விரிப்பு, வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு. ஒருநாள் வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன அண்ணி என்றேன்.

"ஒண்ணுமில்ல. கலரெல்லாம் மறந்துபோயிடும் போல இருக்கு."

சொன்னால் நம்புங்கள், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

இது போதாதென்று சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அங்கே வருகிறவர்களுக்குச் சம்பளம் கூடுதல், வேலை நிரந்தரம். ஆனால் போக ஒரு பஸ், அதிலிருந்து இறங்கி இன்னொரு பஸ். விடிவதற்கு முன்னால் கிளம்பி இருட்டியபின் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு ஊசியைத் தொட ஏது நேரம்? வருகிறாயா இல்லையா என்று அடுத்த வாரக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். அண்ணி சரியென்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!

அந்த நேரத்தில்தான் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற தையல்கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அண்ணியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கடைக்காரம்மா ஒல்லியாக, உதட்டுக்கு நடுவே குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் ஊசியம்மா. நான் ஆரம்பித்தேன். அண்ணியின் கைத்திறமை, கல்யாணப் பெண்கள், கழுத்து வெட்டு, கை வெட்டு என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். ஊசியம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"வேலைக்கு வரப்போறது நீங்களா, அவங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அண்ணி என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தை நீட்டினாள்.

ஊசியம்மா ஒரு பொம்மையைக் காட்டினாள். அதில் நீளமான கம்பளி ஸ்கர்ட் ஒன்று மாட்டியிருந்தது. கத்திரிப்பூ நிறம், ஆனால் அதில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. ஒரு வாடிக்கைக்காரி கொடுத்தது. இதற்கு மேலே போட ஒரு குட்டைக் கோட்டு வேண்டும். இதே துணி இப்போது வருவதில்லை. வேறு துணி எடுத்துத் தைத்தாலும் இரண்டும் ஒரே துணியில் தைத்த மாதிரி தெரிய வேண்டும். துணிச் செலவு கடையுடையது. அளவு இதோ. திங்கட்கிழமை கொண்டு வரட்டும், சரியாக வந்தால் வேலை.

"துணி எடுக்கத் தெரியாதவங்களுக்கு என் கடையில இடமில்ல" என்று சொல்லி, ஸ்கர்ட்டின் அடிமடிப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தாள். அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"மேட்சிங்! மேட்சிங்தான்டி கேக்கறாங்க!"

அத்தனை வருஷத்தில் அண்ணி தெருவில் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். இந்த ஊர்த் துணிச் சந்தை ஒரு பெரிய மண்டபத்துக்குள் இருக்கிறது. தகரக் கூரை. ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. ஒவ்வொரு கடைக்கு மேலேயும் ஒயரில் மஞ்சள் பல்பு தொங்கும். அண்ணி உள்ளே நுழைந்ததுமே மேலே பார்த்து, "இந்த வெளிச்சத்துல எவன் துணி வாங்குவான்?" என்றாள். அப்புறம் கம்பளித் துணி விற்கிற மீசைக்காரர் கடையில் நின்றாள். நின்றது அண்ணி, ஆனால் ஆள் வேறு. ஒரு துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். இன்னொன்றைக் கைக்குள் கசக்கி விட்டுச் சுருக்கம் போகிறதா என்று பார்த்தாள். மூன்றாவதைக் குறுக்காக இழுத்து, முகத்தைச் சுளித்து, தள்ளி வைத்தாள். மீசைக்காரர் பேசிப் பேசிப் பார்த்தார். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சரி, இனி என் உதவி தேவையில்லை என்று நான் இரண்டு கடை தள்ளிப் பொத்தான் பார்க்கப் போனேன். பொத்தான்காரியோடு விலை பேசி, இதோ படிந்துவிட்டாள் என்கிற நேரத்தில் பின்னால் ஒரு கூச்சல்.

"பிடிங்க! பிடிங்க அந்தம்மாவ!"

திரும்பிப் பார்க்கிறேன், அட கடவுளே! எங்கள் அண்ணி ஒரு துணி ரோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறாள். பின்னால் மீசைக்காரர் இன்ச் டேப் கழுத்தில் ஆட ஓடுகிறார். வாசலில் காவலாளி ரோலின் மறுமுனையைப் பிடித்துவிட்டார். அண்ணிக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் உதவிக்குத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, "அப்படியே பிடிங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, துண்டுத் துணியை ரோலின் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஓடிப்போய் நடுவில் நின்றேன். "யாரப் பாத்துத் திருடின்னு சொல்றீங்க? உங்க கந்தல் துணிய எடுத்துட்டுப் போய் நாங்க கோட்டை கட்டப் போறோமா?" என்று ஆரம்பித்து, நாக்கில் வந்ததையெல்லாம் சொன்னேன். இந்த ஊர் பாஷையில் எனக்கு வசவு சரியாக வராது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நன்றாகவே வந்தது. விளைவு என்ன? மீசைக்காரர் ரோலைப் பிடுங்கிக்கொண்டு, உங்களுக்கு விற்பதாக இல்லை, நடையைக் கட்டுங்கள் என்றுவிட்டார். அந்தச் சந்தையில் நல்ல கம்பளித் துணி வைத்திருக்கிறவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு நேரமும் நிறத்திலேயே கண்ணும் காதுமாக இருந்த அண்ணி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அவர் என்ன நெனச்சுட்டாராம்?"

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. நேரே வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"போலாம். வீட்டுக்குப் போலாம்."

"அப்போ கோட்டு?"

"வேணாம். மடிக்கிற வேலையே போதும். அங்க யாரும் என்னத் திருடின்னு சொல்லல."

"அண்ணி, அந்த ஆளுக்குப் புத்தியில்ல, அதுக்காக—"

"அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கணும். கேட்டேனா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?" கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழவில்லை. "எனக்குப் பேச வராதுன்னு நெனச்சேன். பேசாததுக்கு இப்படி ஒரு பேரா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனிதர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மேகம் விலகி ஒரு மங்கலான வெயில் படியில் விழுந்தது. குளிர்காலம், இந்த ஊரில் மதியம் சாய்வதற்குள் பொழுது போய்விடும். அண்ணி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

மீசைக்காரர் எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். அண்ணி அதைக் கவனிக்கவில்லை. அவருடைய ஸ்டூலை இழுத்துக் கடைக்கு நடுவில் போட்டாள். என் தோளை அழுத்தி அதில் உட்கார வைத்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, இந்த ஊர் பாஷையில், எங்கள் அண்ணி, தானாக, சொன்னாள்:

"இவ இங்க. நான் வெளிய. கலர் பாத்து, திரும்பி வரேன். வரலன்னா இவள வச்சுக்கோங்க."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடன் வாங்கப் போகிறவர்கள் நகையை அடகு வைப்பார்கள், வண்டியை வைப்பார்கள். நாத்தனாரை அடகு வைத்தவளை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க வாய்க்கு, இவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். சொல்லும்போதே மீசை துடித்துச் சிரிப்பு வந்துவிட்டது. ரோலை எடுத்து அவரே அண்ணியின் தோளில் வைத்தார்.

அண்ணி போனாள், வந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த ரோலை எடுத்துக்கொண்டு போனாள். நான் அடகில் இருந்தேன். சும்மா இருக்க என்னால் முடியுமா? வந்தவர்கள் என்னைக் கடை ஆள் என்று நினைத்து விலை கேட்டார்கள். நானும் சொன்னேன். பூப்போட்ட துணி ஒன்று யாரும் சீண்டாமல் கிடந்தது. அதை ஒரு பாட்டியம்மாவிடம் பேசிப் பேசித் தலையில் கட்டிவிட்டேன்.

"உங்க அண்ணி திரும்பி வரலன்னாலும் பரவாயில்ல போலிருக்கே" என்றார் மீசைக்காரர்.

"வராம எங்க போவாங்க? வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு."

கடைசியில் அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது. "இதுதான். இம்மி வித்தியாசம் கிடையாது" என்றாள். மீசைக்காரர் துணியை அளந்து, வெட்டி, மடித்து, அண்ணியின் கையைத் தனியாக ஒருமுறை குலுக்கிவிட்டுக் கொடுத்தார். என் கையைக் குலுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே மேசை. அதில் அண்ணியின் மெஷின் ஏறிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். ஞாயிறு முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் வெட்டினாள், இணைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். கோட்டு தைப்பது அண்ணிக்குப் புதிது. அண்ணனின் பழைய கோட்டு ஒன்றைப் பிரித்துப்போட்டு, உள்ளே எது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

"நான் அதத்தான் குளிருக்குப் போட்டுக்கறேன்" என்றான் அண்ணன்.

"திருப்பித் தச்சுத் தரேன். இப்ப அந்தக் கைய நீட்டுங்க, அளவு பாக்கணும்."

"பொம்பள கோட்டுக்கு என் கை அளவா?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்களேன்!"

அண்ணன் கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பொண்டாட்டியிடம் திட்டு வாங்குவதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷமா!

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போனோம். ஊசியம்மா கோட்டை வாங்கி முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், காலரை வளைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்த 'ம்' நல்ல 'ம்'. அப்புறம் பொம்மையில் ஸ்கர்ட்டுக்கு மேலே கோட்டை மாட்டினாள். இரண்டும் ஒரே துணி மாதிரி அப்படிப் பொருந்தி நின்றன. நான் அண்ணியின் விலாவில் இடித்தேன்.

ஊசியம்மா கை நீட்டி, பொம்மைக்கு மேலே இருந்த மஞ்சள் விளக்கைப் போட்டாள்.

என்ன நடந்தது என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஸ்கர்ட் கத்திரிப்பூவாகவே இருந்தது. கோட்டு பாக்கு நிறத்துக்குப் போய்விட்டது. மேலே வேறு ஊர்க்காரியும் கீழே வேறு ஊர்க்காரியும் மாதிரி இரண்டும் ஒட்டாமல் நின்றன.

"இது என்ன?" என்றாள் ஊசியம்மா.

அண்ணி அந்த விளக்கையே அண்ணாந்து பார்த்தாள். நான் விடுவேனா? "இந்த விளக்குதான் கோளாறு! வெளிய வந்து பாருங்க, வெயில்ல பாருங்க!" என்று பொம்மையையே தூக்கப் போனேன்.

"வெளிய எதுக்கு? இந்தம்மா ஹோட்டல் ஹால்ல பியானோ வாசிக்கறவங்க. சாயங்காலத்துல, இதே மாதிரி மஞ்ச விளக்குல. இத வெயில்ல போடவே போறதில்ல."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இந்தப் பொம்பளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்காமல் விடுவதில்லை என்று வாயைத் திறந்தேன். என் கால் விரலில் ஓங்கி ஒரு மிதி விழுந்தது. அண்ணிதான். "நீ பேசாம இரு" என்றாள் தமிழில். என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் முன்னால் வந்து நின்றாள்.

அவள் பேசியதை அப்படியே சொல்கிறேன். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. நடுவில் நின்று தேடித் தேடி எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"எங்க ஊர்ல வெயில் நிறைய. எல்லாரும் வெயில்ல இருப்பாங்க. அதனால வெயில்ல பாப்போம். இங்க விளக்கு. எங்க போடுவாங்கன்னு நான் கேக்கல. தப்பு என்னோடது. தையல் சரி. துணி தப்பு. புதன்கிழமை வரைக்கும் குடுங்க. திரும்பத் தைக்கறேன்."

ஊசியம்மா விளக்கை அணைத்தாள். போட்டாள். மறுபடி அணைத்தாள். கோட்டை விட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"பகல்ல போடறவங்க யாருக்காவது இது ஆகும். நான் வச்சுக்கறேன். புதன்கிழமை சாயங்காலம். அதுக்கு மேல முடியாது."

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அண்ணி அழவில்லை. சலவைக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஓடும்போதே, "நாளைக்கு நீ லீவு போட வேணாம், நானே போயிக்கறேன்" என்றாள்.

நானே போய்க்கொள்கிறேனாம்! அடுத்த நாள் மருந்துக்கடையில் என் கை பில் போட்டது, மனசு சந்தையில் நின்றது. இருமல் மருந்து கேட்டவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கப் போய், பக்கத்தில் இருந்தவள் தடுத்தாள். வீட்டுக்கு வந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வழி மாறிவிட்டாளோ, பஸ்ஸில் எதையாவது விட்டுவிட்டாளோ, அந்தக் காவலாளி உள்ளே விட்டானோ இல்லையோ! அண்ணன், "ஒரு எடத்துல உக்காரேன், தல சுத்துது" என்றான். அவனும்தான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தாள், கையில் பொட்டலம். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அண்ணி நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"அவர் ரோலத் தூக்கித் தோள்ல வைக்க வந்தார். வேணாம்னேன். இந்த பல்புக்கு அடியிலயே பாக்கணும், இன்னொரு பல்பு இருந்தா அதையும் போடுங்கன்னேன். போட்டார். துணி எடுத்தேன். வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? துணி வாங்கத்தானே போனேன்."

அன்று ராத்திரியும் மறுநாளும் வேலைக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மெஷின் சத்தம்தான். இந்தத் தடவை அண்ணன் தன் கட்டில் பக்கத்து மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டில் சட்டை தேடினான். பகலில் பார்த்தால் அந்தத் துணியும் ஸ்கர்ட்டின் துண்டும் அக்கா தங்கை மாதிரி கொஞ்சம் விலகித்தான் தெரிந்தன. விளக்கில் வைத்தால் ஒன்றாகிவிட்டன. எனக்கு மட்டும் பயம். இந்த அம்மா இன்றைக்கு வேறு எந்த விளக்கைப் போடுவாளோ!

புதன்கிழமை சாயங்காலம் நானும் கூடவே போனேன். நீ எதுக்கு என்று அண்ணி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடையில் ஊசியம்மா கோட்டை உள்ளே திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் பொம்மையில் மாட்டினாள், விளக்கைப் போட்டாள், தள்ளி நின்று பார்த்தாள். வாசல்வரை போய் அங்கேயிருந்தும் பார்த்தாள். திரும்பி வந்தவள் நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, கை கிழிந்த கம்பளி உடுப்பு ஒன்றை எடுத்து அண்ணியின் முன்னால் போட்டாள்.

"இது வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

நான் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "அப்போ, வேலை?"

"அதைத்தானே குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஊசியம்மா குண்டூசிகளை உதட்டுக்கு நடுவே வைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.

அண்ணியைப் பார்த்தேன். கட்டிப்பிடிப்பாள், குதிப்பாள், கண் கலங்குவாள் என்று நின்றேன். அவள் அந்தக் கிழிந்த கையைப் பிரித்து விரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நூல் பெட்டியைத் திறந்து நிறம் நிறமாக நூல்கண்டுகளை எடுத்து அந்தத் துணிமேல் வைத்து வைத்து மாற்றினாள். அப்புறம் தலையைத் தூக்கி ஊசியம்மாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். ஊசியம்மா ஊசிகளுக்கு நடுவிலிருந்தே பதில் சொன்னாள். அண்ணி ஏதோ மறுத்தாள். ஊசியம்மா எழுந்து வந்தாள். இரண்டு தலையும் அந்தத் துணிமேல் குனிந்தன.

"அண்ணி, அப்போ நான் கிளம்பறேன்" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் விழவில்லை. நான் ஒருத்தி அங்கே நிற்கிறேன் என்பதே எங்கள் அண்ணிக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றவள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.